டிரெய்லருக்குக் காவல் போட்ட கதை

எங்கள் பக்கத்தில் ஒரே மாதத்தில் மூன்று டிரெய்லர்கள் களவு போயின. குதிரையை உள்ளே நிற்கவைத்து, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர். கடைசியாகப் போனது குதிரை டாக்டருடையது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எங்களிடம் இருப்பது ஒரே டிரெய்லர், ஒரே குதிரை, ஒரே வீட்டுக்காரர். எது தொலைந்தாலும் எனக்குக் கவலைதான். எதற்கு அதிகக் கவலை என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எவனாவது தொடட்டும், பார்க்கலாம்!"

கொக்கிக்கு ஒரு பூட்டு. சக்கரத்துக்கு ஒரு பூட்டு. சாவி வைக்கிற பெட்டிக்கும் ஒரு பூட்டு. வண்டியின் பதிவுப் புத்தகத்தை எங்கோ ஒளித்தார்.

"ஏங்க, எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?"

"ரகசியம்னா ரெண்டு பேருக்குத் தெரியக் கூடாதுடி."

அதோடு விட்டாரா? சிவப்புப் பெயின்ட் எடுத்துவந்து டிரெய்லரின் பின்கதவில் முழம் முழமாக எழுதினார்: "இது திருட்டு வண்டி! பிடியுங்கள்!"

"என்னங்க இது?"

"திருடன் இழுத்துட்டுப் போறான்னு வை. பின்னாடி வர்றவன் படிப்பான். பிடிப்பான். எப்படி?"

"நாம இழுத்துட்டுப் போனா?"

"அதுக்குத்தான் மேல படுதா."

"படுதா பறந்துட்டா?"

"மூணு முடிச்சு போடுவேன். உனக்குக் கவலைப்படறதே பொழப்பு!"

ஆமாம், அதுதான் என் பிழைப்பு. அவர் நாலாவது பூட்டு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், லாடம் அடிக்கிற சுத்தியலும் ஆணியுமாக டிரெய்லருக்குள் ஏறினேன். ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். அடியில் இருந்த பலகையில் புள்ளி புள்ளியாக எழுத்தை அடித்தேன். விரிப்பை மூடினேன். வாய் திறக்கவில்லை. ரகசியம் ரெண்டு பேருக்குத் தெரியக் கூடாதே.

போட்டி நாள் வந்தது. நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குதிரைக்கு அதுதான் முதல் தாண்டும் போட்டி. மகள் காலையிலேயே சேணத்தோடு மைதானத்துக்குப் போய்விட்டாள். பத்து மணிக்குள் குதிரை அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஒன்பதே காலுக்குப் பெரிய சாலையில் காற்று கிளம்பியது. முதல் முடிச்சு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது, படுதாவையும் கூட்டிக்கொண்டே போனது. முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எங்கே தெரிந்தது? பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் கை நீட்டிக் கத்தினார்கள்.

"பார்த்தியா, நம்ம குதிரைக்கு என்ன மரியாதை!" என்று அவரும் கையாட்டினார்.

அடுத்த திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் பைக்கைக் குறுக்கே போட்டார்.

"இறங்குய்யா! யாரு வண்டி?"

"என் வண்டிதான் சார்."

"பின்னால வேற மாதிரி எழுதியிருக்கே?"

"அது நான் எழுதினது சார்."

"திருடிட்டு நீயே எழுதியும் வச்சியா? புத்தகம் எங்க?"

"பத்திரமா இருக்கு சார்."

"எங்கய்யா?"

"சொன்னா பத்திரம் போயிடுமே சார்..."

"சொல்லித் தொலைங்க!" என்றேன். அவர் என் காதில் முணுமுணுத்தார்: "வீட்ல, தீவன டிரம்முக்கு அடியில."

மணி ஒன்பதே முக்கால். மகள் மைதானத்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"சார், உள்ளே விரிப்பைத் தூக்கிப் பாருங்க. என் பேரு இருக்கும். அதுக்குக் கீழ 'என்னுது'ன்னு இருக்கும்."

பின்கதவைச் சாய்த்து இறக்கி, ஏறிப் பார்த்தார். குதிரை மரியாதையாகக் காலை நகர்த்திக் கொடுத்தது. அட்டையைப் படித்தார், பலகையைப் படித்தார். எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"வண்டி உங்களுதுதாம்மா. இந்த ஆளு யாரு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாலு பூட்டும் அந்த முகத்தில் தொங்கின.

"ஓட்டறதுக்கு வச்சிருக்கேன் சார். கொஞ்சம் அவசரக்காரர். மத்தபடி நல்லவர்."

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குள் நுழைந்தோம். என் குதிரை ஒரு கம்பைக்கூடத் தட்டாமல் தாண்டியது. நான் கைதட்டியதில் பக்கத்துப் பெஞ்சே எழுந்து நின்றது.

மகள் ஓடிவந்தாள். "அப்பா, நம்ம டிரெய்லரை எங்க நிறுத்தினீங்க?"

அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"முதலாளியம்மா இருக்காங்க, கேளு."