காதை ஆட்டத் தெரிந்த வியாகுலம்

“மோட்டார் ஓடலைங்க. டேங்குல கால்வாசித் தண்ணிதான் கெடக்குது. பதினோரு மணிக்கு மாப்ள வூட்டுக்காரங்க பதினஞ்சு பேரு வந்து நிப்பாங்க. ஓடிப் போயி வியாகுலண்ணனக் கூட்டியாங்க,” என்றாள் பானுமதி.

அந்தப் பெயரைக் கேட்டதும் நவநீதனுக்கு வாயிலிருந்த காப்பி கசந்தது.

“அவரு ஊர்ல இல்ல. பென்னாகரம் போயிருக்காரு,” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார்.

காரிமங்கலத்தில் இருபது வருஷமாக மதிலுக்கு மதில் அண்டை வீடு. அந்த இருபது வருஷமும் நவநீதனுக்கு வயிற்றெரிச்சல்தான். வியாகுலம் மோட்டார் பார்ப்பார், வயரிங் செய்வார். கோயில் திருவிழாவில் டிரம் அடிப்பார். பெங்களூரில் கட்டட வேலை பார்த்தபோது கன்னடம் படித்தார். நாற்பது வயதில் ஜாக்கெட் தைக்கப் பழகினார், ஐம்பத்தைந்தில் கேக் செய்ய. போதாததற்கு, கையே படாமல் இரண்டு காதையும் தனித்தனியாக ஆட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று நவநீதனும் அதை ஒரு மாதம் பழகிப் பார்த்தார். புருவம்தான் வலித்தது.

‘ஒரு மோட்டாருக்கு அவன் வரணுமா?’ என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே துருத்திக்கொண்டிருந்த ஒன்றை லேசாகத்தான் நெம்பினார். ‘டப்’ என்றது. வீடு முழுக்கக் கரண்ட் போனது. மிக்ஸியில் பாதிச் சட்னியோடு உள்ளேயிருந்து பானுமதி அலறினாள்.

“ஒண்ணும் ஆவல! இருக்கிற தண்ணிய வெச்சே சமாளிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். டேங்க் குழாயின் மூட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அதையாவது இறுக்குவோமே என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினார். மூட்டு கையோடு வந்துவிட்டது. கால்வாசித் தண்ணீரும் படி படியாக இறங்கி, சம்பந்திகளுக்கு விரித்திருந்த ஜமக்காளத்தில் போய் உட்கார்ந்தது.

மதிலுக்கு மேல் ஒரு தலை எழும்பியது.

“என்னாங்க சத்தம் அது?”

“பென்னாகரத்துல இருந்து அதுக்குள்ள வந்துட்டீங்களாண்ணா?” என்றாள் பானுமதி.

“நான் எதுக்குங்க பென்னாகரம் போறேன்?”

பானுமதி கணவனைப் பார்த்த பார்வையில் மிச்சச் சட்னியும் அரைபட்டிருக்கும்.

முக்கால் மணி நேரம். கரண்ட் வந்தது, மோட்டார் ஓடியது, குழாய்க்கு ஒரு தற்காலிகக் கட்டு விழுந்தது. தன் வீட்டிலிருந்து வியாகுலம் வேறு ஜமக்காளம் கொண்டுவந்து விரித்தார். பானுமதிக்குக் கை ஓடவில்லை என்று கேசரியையும் அவரே கிண்டி இறக்கினார். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. நவநீதனுக்கு அந்த முந்திரியோடு சேர்த்துத் தன் நெஞ்சையும் நெய்யில் வறுத்த மாதிரி இருந்தது.

‘இருக்கட்டும். பெண்ணைப் பெத்தவன் நான். வரவேற்கிறது நான்தான்,’ என்று வாசலில் போய் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் ஆனேக்கல் பக்கம். மாப்பிள்ளையின் பெரிய அத்தைக்குக் கன்னடம்தான் வரும், அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். கன்னடத்தில் ‘வாருங்கள்’ என்பதற்குப் ‘பன்னி’ என்பார்கள் என்று நவநீதனுக்குத் தெரியும். ஆனால் வருகிற சம்பந்தியம்மாளை எந்த வாயால் பன்னி என்பது? அதைவிட மரியாதையாக இன்னொரு சொல் பஸ்ஸில் காதில் விழுந்திருந்தது.

வேன் நின்றது. அத்தை இறங்கிப் படியில் கால் வைத்தார். நவநீதன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, சிரித்த முகமாய்ச் சொன்னார்:

“ஹோகி, ஹோகி!”

அத்தை படியிலேயே நின்றுவிட்டார். முகம் கறுத்தது. பின்னால் வந்த பதினாலு பேரும் நின்றார்கள். ‘போங்க, போங்க’ என்று வாசலிலேயே விரட்டினால் யார்தான் நிற்கமாட்டார்கள்? அத்தை வேனைத் திரும்பிப் பார்த்தார். சன்னலோரம் நின்ற மகள் கனிமொழிக்குக் கண் கலங்கியது.

“ஒளகே!” என்று நவநீதனின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “ஒளகே ஹோகி அம்மா, ஒளகே ஹோகி!”

உள்ளே போங்க அம்மா. ஒரே ஒரு சொல். கரண்டியும் கையுமாக வியாகுலம் சிரித்துக்கொண்டு நின்றார். அத்தையும் சிரித்துவிட்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அத்தை இரண்டு முறை கேசரி வாங்கினார். தாம்பூலம் மாற்றி, தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. போகும்போது அத்தை வியாகுலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசினார். நவநீதனுக்கு ஒரு தலையாட்டல் கிடைத்தது.

“வியாகுல மாமா இல்லன்னா என் கல்யாணமே நின்னிருக்கும்,” என்றாள் கனிமொழி. பெற்ற மகளே சொன்னாள்.

மத்தியானம். மாடியில் வியாகுலம் குழாய்க்குப் புது மூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பானுமதி பாத்திரம் கழுவினாள். கனிமொழி ஜமக்காளத்தை உதறிக் காயப்போட்டாள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்து நவநீதன் பொருமிக்கொண்டிருந்தார்.

வியாகுலத்தைச் சாப்பிடக் கூப்பிட அவர் மனைவி ரோசம்மா வந்தாள். நவநீதனுக்கு அடக்க முடியவில்லை.

“ஏம்மா ரோசம்மா, ஒங்க வூட்டுக்காரருக்கு வராத வேலன்னு ஒலகத்துல ஒண்ணாவது இருக்குதா?”

ரோசம்மா மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்கண்ணா. உக்காந்த எடத்துல இருந்துகிட்டே அத்தன பேரையும் வேல வாங்கறது. அது மட்டும் நமக்கு வரமாட்டேங்குதேன்னு இருபது வருசமா உங்களப் பாத்துத்தான் வயிறெரிஞ்சு சாவுறாரு!”