கிட்டாருக்கு ஈய முத்திரை வைத்த விவகாரம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌகரியமாக இருக்கிறோம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நேரில் பார்க்காத எதையும் உறுதிப்படுத்தி எழுதுவது எங்கள் குடிநீர் மீட்டர் சோதனைப் பிரிவில் வழக்கமில்லை என்பதால், நலமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் பெயரைத் திரையில் பார்த்ததுமே உங்கள் மகள், "அப்பாவா? குடுங்க, குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறாள். ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள். அத்தையிடம் காட்ட வேண்டாம், அழுதுவிடுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. எதற்கு என்று கேட்டதற்கு, "ஒருத்தருக்கு ஸ்டீம்பங்க் பாணியில மாத்திக் குடுக்கறேங்க" என்றாள். ஸ்டீம்பங்க் என்றால், நீராவி எஞ்சின் ஓடிய காலத்து இயந்திரம் போலத் தெரியும்படி ஒரு பொருளின் மேல் செம்புக் குழாய், பித்தளைப் பல்சக்கரம், திருகு, ஆணி என்று ஒட்டி வைப்பதாம். அந்த 'ஒருத்தர்' யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவார் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். "ஓகோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து வருகிறேன்.

அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே ஓய்வு கொடுத்துவிட்ட மெருகேற்றும் மோட்டார் ஒன்று இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அதை ஓட்டினால் வீடு முழுக்கப் பல் டாக்டர் அறை வாசனை வருகிறது, எனக்குக் கடைவாய்ப் பல் தானாகக் கூசுகிறது. முதலில் கிட்டாரின் சிவப்பு வண்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தாள். அடுத்ததாக வீட்டில் பொருட்கள் குறைய ஆரம்பித்தன. தோட்டத்துப் பித்தளைக் குழாயின் கைப்பிடி போயிற்று. இப்போது அது கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாக இருக்கிறது, தோட்டத்துக்குக் குறடு வைத்துத் தண்ணீர் திறக்கிறோம். பிறகு என் அலாரம் கடிகாரம். ஒரு காலை அது அடிக்கவில்லை. எடுத்து ஆட்டிப் பார்த்தால் காலி டப்பா! உள்ளே இருந்த சக்கரங்கள் அத்தனையும் கிட்டாரின் வயிற்றில் வரிசையாக ஒட்டியிருந்தன. அன்று நான் அலுவலகத்துக்குத் தாமதம். மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும், "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் கையும் களவுமா பிடிக்கிற ஆளு, உன்ன யாருய்யா பிடிக்கிறது?" என்று கேட்டார்.

இதுவரை பொறுத்துக்கொண்டேன் மாமா. ஆனால் ஒரு நாள் அவள் பளபளவென்றிருந்த புதுப் பித்தளைத் தகட்டை வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்து, பச்சைக் களிம்பு ஏறும்வரை காத்திருந்து, பிறகு "அழகா இருக்கில்ல?" என்று என்னிடமே காட்டினாள். புதுசைப் பழசாக்குவது யார்? எங்கள் பிரிவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். திருட்டு இணைப்பு கொடுத்தவன்தான் புதுக் குழாயில் சேற்றைப் பூசி, நூறு வருடமாக அங்கேயே கிடப்பது போலக் காட்டுவான்.

அதற்குப் பிறகுதான் அந்த அழுத்தமானி. நீங்கள் ஆலையில் கொதிகலன் அறைக்கே பொறுப்பாக இருந்தவர், ஆகவே உங்கள் தீர்ப்பைத்தான் கேட்கிறேன். கிட்டாரின் நடுவில், கண்ணாடி மூடியோடு, வட்டமாக ஒரு அழுத்தமானி. முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. பின்புறம் திருப்பிப் பார்த்தேன். குழாய் இல்லை, கம்பி இல்லை. எதற்கும் இணைக்கவில்லை! "இது எத அளக்குது?" என்றேன். "ஒண்ணும் அளக்கலங்க. சும்மா அழகுக்கு" என்றாள். மாமா, மீட்டர் ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தால் தண்ணீர் வேறு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் உத்தியோக காலம் முழுக்க இதில் ஒருமுறைகூட நான் தவறியதில்லை. அப்படியென்றால் இந்த வீட்டில் எது வேறு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது?

பால்கனியில் நின்று தணிந்த குரலில் பேசுகிறாள். "இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒருநாள் என் காதில் விழுந்தது. தெரியாத அந்த 'அவர்' நான்தான். உடனே ஆதாரம் சேர்க்கத் தொடங்கினேன். கிட்டாரின் கம்பிகள் தலைகீழ் வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே ஆள் இடதுகைக்காரர். தோளில் மாட்டும் வாரைக் கடைசித் துளைவரை தளர்த்தியிருக்கிறாள். ஆகவே முன்புறம் நல்ல தொந்தி. தவறாக நினைக்காதீர்கள், ஏறத்தாழ உங்கள் வாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் இடதுகைக்காரர் என்பதால் கேட்கிறேன், இந்த மாதிரி ஆட்கள் எங்கே கூடுவார்கள்? எனக்கு மாடிவீட்டுக்காரர்மேல் சந்தேகம் வந்தது. தலைமுடியை வளர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார், தொந்தியும் இருக்கிறது. எந்தக் கையால் பிடிக்கிறார் என்று பார்ப்பதற்காக, படியில் இறங்கி வந்தவரை நோக்கி, "சார், பிடிங்க!" என்று ஒரு தக்காளியை வீசினேன். அவர் எந்தக் கையாலும் பிடிக்கவில்லை, மூக்கால் வாங்கினார். "என்ன சார் ஆச்சு உங்களுக்கு?" என்று சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இப்போது அவர் என்னைக் கண்டால் சுவரோரமாக நடக்கிறார். குற்றமுள்ளவர் அப்படித்தான் நடப்பார், ஆனால் தக்காளி பட்டவரும் அப்படித்தான் நடப்பார் என்பதால் இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசியில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். அலுவலகத்தில் முத்திரை அழுத்தும் இடுக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் இல்லாதபோது கிட்டாரின் கழுத்துக்கும் அதன்மேல் அவள் ஒட்டியிருந்த செம்புக் குழாய்க்கும் நடுவே முறுக்குக் கம்பி கோத்து, மீட்டருக்கு வைப்பது போலவே ஈய முத்திரை வைத்துவிட்டேன். யாராவது எடுத்துத் தொட்டால் கம்பி அறுந்து காட்டிக்கொடுக்கும் அல்லவா? சாயங்காலம் வந்து பார்த்தவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் மலர்ந்து, "அடடே! இது உங்க யோசனையா? இதுதாங்க இதுல குறையா இருந்துச்சு!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். படம் எடுத்து அந்த 'ஒருத்தருக்கு' அனுப்பினாள். சற்று நேரத்தில், "அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். இன்னும் ரெண்டு கிடைக்குமான்னு கேக்கறாரு" என்றாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! என் வீட்டுக்குள்ளே புகுந்ததும் அல்லாமல், என் இலாகா முத்திரையை என்னிடமே கேட்டு அனுப்புகிறான்!

சிரிக்காதீர்கள் மாமா. வெளியே விறைப்பாகத் திரிகிறேனே தவிர எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை பார்க்கும்போது அவள் தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறாள். என்னோடு இருக்கும்போது அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று மனது அடித்துக்கொள்கிறது. நீங்கள் நியாயஸ்தர். உங்கள் வார்த்தையை அவள் தட்டமாட்டாள். ஒருமுறை வந்து, அந்த மனிதன் யார் என்று கண்டுபிடித்து, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கங்கள். அவர்கள் முழங்கால் வலிக்கு நான் சொன்ன தைலத்தைத் தொடர்ந்து தடவச் சொல்லுங்கள். உங்கள் இருவருடைய ஆசியும் எங்களுக்கு என்றும் வேண்டும், இப்போது கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறை தேடி உள்ளே போன நேரத்தில் உங்கள் மகள் இதை எடுத்துப் படித்துவிட்டாள். தக்காளிவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அது அப்பாவுக்குங்க" என்றாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நீங்கள் நாலு பேர் சேர்ந்து வாத்தியக் குழு வைத்திருக்கிறீர்களாம். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று அவளிடம் சத்தியம் வாங்கினீர்களாம். தொந்தி பற்றி எழுதியதை மன்னிக்கவும். நறுக்கென்று கேட்கச் சொன்னதையும்.

கிழிக்கப் போனேன். விடவில்லை. "அனுப்புங்க. ரகசியம் ரகசியம்னு என்ன வேல பண்ணி வச்சிருக்காருன்னு அப்பாவே படிக்கட்டும்" என்று சொல்லி, இந்தப் பின்குறிப்பையும் பக்கத்தில் நின்று எழுத வைக்கிறாள். "வாரை அளந்தீங்க, கம்பிய எண்ணுனீங்க, பாவம் அந்த மனுசன் மூக்க உடைச்சீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலையே? கேட்டிருந்தா சத்தியமாவது ஒண்ணாவதுன்னு சொல்லியிருப்பேனே" என்றாள். அதனால் கேட்டேன் மாமா, நேராகவே கேட்டேன்: "என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

அவள் என் இடது கையை இழுத்துக் கிட்டாரின் கழுத்தில் வைத்து, "அசையாமப் பிடிங்க, கடைசித் திருகு ஏறமாட்டேங்குது. நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது" என்றாள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் எழுதுவதால் இந்த வரிகள் கோணலாக இருக்கின்றன. திருகு ஏறி வெகுநேரம் ஆகிவிட்டது. விடச் சொல்லவில்லை. நானும் விடவில்லை.