மாப்பிள்ளைக்குக் கொடுத்த அலுமாரி

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
12.8.1967

என் அன்புத் தம்பி குலசிங்கத்துக்கு,

பத்திரகாளி அம்மாள் புண்ணியத்தில் மூட்டு வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உனக்கும் மச்சாளுக்கும் அந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

மருமகன் யோகலிங்கம் சல்லிக் கிராமத்தில் ஒரு கூட்டாளியின் வள்ளத்து எஞ்சின் கடனுக்குப் பிணை நின்று மாட்டுப்பட்டது நீ அறிந்ததுதான். போன மாதம் கோட்டு நீதிபதியின் கட்டளையோடு பிஸ்கால் ஐயா ஆட்களைக் கூட்டி வந்து, மருமகனுடைய பொருட்கள் என்று சொல்லி, மகள் தவமணி வீட்டிலிருந்த றேடியோவையும் தேக்கு அலுமாரியையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார். றேடியோவைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனார்கள், என் அலுமாரியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். றேடியோ யார் கொடுத்தது? சம்பந்தி நல்லம்மா. அப்போதே எனக்கு வயிறு எரிந்தது.

எங்களுக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசியார் அருளம்பலத்தார் சொன்னார், கடன்பட்டவனுடைய பொருளைத்தான் பிடிக்கலாமாம், வேறு ஆளுடைய பொருள் என்றால் அந்த ஆள் கோட்டுக்கு வந்து உரிமை கேட்டு மீட்கலாமாம். "அக்கா, நீங்கள் ஒண்டும் பெரிசாக் கதைக்கத் தேவையில்லை. அலுமாரி என்ரை, பிள்ளை பாவிக்கட்டும் எண்டு அங்கை வைச்சனான். அவ்வளவுதான்" என்றார். குசினியில் மீன் வெட்டும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மனனத்தில் நான்தான் முதலாம் பிள்ளை, உனக்குத் தெரியும்.

வழக்கு நாளன்று நல்லம்மா எனக்கு முதல் சாட்சிக் கூண்டில் ஏறினாள். நீலப்பட்டுச் சேலை, கோயிலுக்கு வந்தவள் மாதிரி. "றேடியோ என்ரைதான் ஐயா. நியூஸ் கேக்கட்டும் எண்டு மகனுக்கு இரவல் குடுத்தனான்" என்று கூசாமல் சொன்னாள். நீதிபதி அவளுக்கு இருக்கக் கதிரை போடச் சொன்னார். றேடியோவையும் விடச் சொன்னார். எனக்குக் கதிரை போடவில்லை, தம்பி. அவள் என்னைவிட இளையவள்.

பிறகு நான் ஏறிப் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்தேன். கடன் கொடுத்தவனுக்காக வாதாடும் அப்புக்காத்து, ஒரு எலும்பன், எழும்பிக் கேட்டான்: "அப்ப அம்மா, கலியாணத்துக்கு மருமகனுக்கு நீங்கள் ஒண்டும் குடுக்கேல்லையோ?" ஓம், ஒன்றும் கொடுக்கவில்லை என்றிருந்தால் அலுமாரி வீட்டுக்கு வந்திருக்கும், வாயும் திறந்தது. ஆனால் பின்வாங்கில் நல்லம்மா பக்கத்து மனுசியிடம், "பாத்தீங்களே, ஒண்டும் குடுக்காத ஆள் எண்டுதானே நான் அண்டைக்கே சொன்னனான்" என்றது காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு என் வாய் என்னுடையதாக இல்லை.

"ஆர் சொன்னது குடுக்கேல்லை எண்டு? ஆளுயரக் கண்ணாடி வைச்ச தேக்கு அலுமாரி, மேளம் முழங்க, சபை நடுவிலை, மாப்பிள்ளையின்ரை கையிலையே திறப்பைக் குடுத்தனான். இந்தா பின்னாலை இருக்கிறா சம்பந்தி, கேளுங்கோ."

அப்புக்காத்து நன்றி சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்துவிட்டான். அருளம்பலத்தார் தலையில் கைவைத்தார். நல்லம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஓம் ஐயா, குடுத்தவதான்" என்றாள். சம்பந்தியான நாளிலிருந்து அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல கதை அது.

என் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள், அலுமாரி ஏலத்துக்குப் போகிறது. தவமணி என்னோடு கதைக்கிறாள் இல்லை, சேலைகளை அரிசிச் சாக்கில் மடித்து வைத்திருக்கிறாள். "தலை சீவக் கண்ணாடி எங்கை, அம்மம்மா?" என்று பேத்தி கேட்கிறாள். ஆனாலும் என் மனம் நிறைந்துதான் இருக்கிறது. நான் கொடுத்தது கொடுத்ததென்றும், அவளுடைய றேடியோ வெறும் இரவலென்றும் கோட்டிலேயே எழுதியாயிற்று. இனி அவளோடு எனக்குப் போட்டியும் இல்லை, பொறாமையும் இல்லை.

மச்சாளுக்கு என் அன்பு. உன் வீட்டுத் தளபாடமெல்லாம் உன் வீட்டிலேயே நிலைக்க ஆசீர்வதிக்கும்,

அக்கா
பாக்கியரத்தினம்

பி.கு: இதை ஒட்டுவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. அலுமாரியை எடுத்தது நல்லம்மா. மாட்டுவண்டிலில் ஏற்றி, சந்தனப் பொட்டு வைத்து, தவமணி வீட்டிலேயே இறக்கி, "மருமேளுக்கு நான் குடுக்கிறன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாளாம். தவமணி அவளுக்குத் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்தாளாம். இதற்கு எதிராக உரிமை கேட்கக் கோட்டில் வழி இல்லையென்கிறார் அருளம்பலத்தார். ஆகவே நீ உடனே ஒரு தேக்குக் கட்டில் வாங்கி அனுப்பு. இந்த முறை மகள் கையில்தான் கொடுப்பேன். நல்லம்மாவுடைய அலுமாரியைவிட அது பெரிதாயிருக்க வேணும்.