இருபத்தைந்து கஜ தூரத்தில் நிற்கவும்

43-ஆம் எண் இடம், முகாம் திடல்,
வயோமிங்.
ஆகஸ்டு 14, வியாழன் மாலை

மதிப்பிற்குரிய மைத்துனர் டுவெய்ன் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வெண்டெல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் லோரெட்டாவும் மகள் ஜோலீனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அர்லீனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் மனமுவந்து கொடுத்தனுப்பிய வீட்டுவண்டியும் நலமாக இருக்கிறது என்று எழுத ஆசைதான். அதைப் பற்றிக் கீழே வருகிறேன். இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது, அதனால்தான் காகிதம்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன் மச்சான். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டை வாங்குகிறவர்கள் கையெழுத்துக்கு வருகிறார்கள். வீட்டை விற்றுவிட்டு, உங்களிடமிருந்து இந்த வண்டியை வாங்கி, மிச்ச ஆயுளை ஊர் ஊராகச் சுற்றியே கழிக்க வேண்டும் என்று உங்கள் தங்கை உள்ளுக்குள் ஏங்குவதாக, ஜூன் மாதம் இறைச்சி வாட்டும் அடுப்பருகே என்னைத் தனியாக அழைத்து நீங்கள்தான் சொன்னீர்கள். "அவளா வாய் திறந்து கேக்க மாட்டா வெண்டெல், நீதான் புரிஞ்சிக்கணும்" என்றீர்கள். புரிந்துகொண்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு வார ஒத்திகைக்கு வந்த இடத்தில், இன்றைய ஒரு நாளே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. எனக்கு என் வீடு வேண்டும். என் குளியலறை வேண்டும். இருந்த இடத்திலேயே இருக்கும் ஒரு கட்டில் வேண்டும். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் அண்ணன், நீங்கள் சொன்னால் கேட்பாள். நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

காலையில் கண் விழித்தபோது என் தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் இருந்தது. வண்டியை மட்டமாக நிறுத்துவது எப்படி என்று நீங்கள் எழுதிக்கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று சாயங்காலம் மூன்று மணி நேரம் பாடுபட்டேன். சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் கட்டைகளைக் கொடுப்பேன், வண்டியை ஏற்றுவேன், லோரெட்டா உள்ளே மேசைமேல் ஒரு முட்டையை வைத்துப் பார்ப்பாள், முட்டை உருண்டு விழும், "இன்னும் இடது பக்கம்" என்பாள். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் மடக்கு நாற்காலியைப் போட்டுக் காப்பியோடு உட்கார்ந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதைப் பார்ப்பதுதானே இங்கே மாலைப் பொழுதுபோக்கு. டெக்சாஸ்காரர் ஒருவர் எழுந்து நின்றே யோசனை சொன்னார்: "பெரியவரே, வீட்டுக்காரம்மா இடதுன்னா அது உங்களுக்கு வலது. இது தெரியாமயா இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனீங்க?" ஏழு முட்டைகள் போன பிறகு அப்படியே படுத்துவிட்டோம்.

இன்று ஒன்பது மணிக்குத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் வெந்நீர் ஊற்றைப் பார்க்கக் கிளம்பினோம். பக்கவாட்டுப் பந்தல் துணியைச் சுருட்டாமலே நான் வண்டியை எடுத்துவிட்டதால், அது முதல் பைன் மரத்தோடு நின்றுவிட்டது. அதை விடுங்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடமே இல்லை. சுற்றினேன், சுற்றினேன், பதினோரு தடவை சுற்றினேன். "அப்பா, ஊற்ற எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பாத்தாச்சு, போதும்" என்றாள் ஜோலீன். சரி என்று புல்வெளி ஓரமாக, நிறுத்தலாம் என்று பலகை போட்ட இடத்தில்தான் நிறுத்தினேன். லோரெட்டா ரொட்டிக்கு நடுவில் வான்கோழித் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது புல்வெளியிலிருந்து ஒரு காட்டெருமை சாவகாசமாக நடந்து வந்து உங்கள் வண்டியின் கதவில் முதுகைச் சொறிந்துகொள்ள ஆரம்பித்தது.

மச்சான், என்னை உங்களுக்குத் தெரியும். நகராட்சித் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதிய வீட்டில் நாய் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும் நான் கேட்டைத் தொட்டதில்லை. பூங்கா வாசலில் கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: காட்டெருமையிடமிருந்து இருபத்தைந்து கஜ தூரத்தில் நிற்கவும். உங்கள் வண்டியின் மொத்த நீளம் முப்பத்தோரு அடி, அதாவது பத்து கஜம் சொச்சம். மாடு கதவருகே நின்றால் நான் படுக்கை அறைக் கோடிக்குப் போய் ஒட்டி நின்றாலும் சட்டத்தை மீறியவன்தான். இருந்தாலும் முடிந்தவரை விலகுவோம் என்று பின்னுக்கு ஓடினேன். மாடு பின்பக்கம் வந்தது. ஸ்டியரிங் பக்கம் ஓடினேன். மாடு முன்பக்கம் வந்தது. இரண்டு மணி நேரத்தில் நான் வண்டிக்குள்ளேயே ஒரு மைல் ஓடியிருப்பேன். லோரெட்டா நகராமல் ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னாள்: "உக்காருங்க வெண்டெல். நீங்க சட்டத்த மீறல. மாடுதான் மீறுது. அபராதம் அதுக்குத்தான்."

நடுவில் ஜோலீன் அலறினாள். கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் நான்கு மைல் தள்ளி, மாடோ கதவை விட்டு நகர்வதாக இல்லை. உடனே ஜோலீன் ஆட்சியைக் கைப்பற்றினாள். "யாரும் காப்பி குடிக்கக் கூடாது. தண்ணி கூடாது. தர்பூசணிய வெளியவே எடுக்கக் கூடாது. அப்பா, அந்தக் கோப்பைய இப்படிக் குடுங்க!" அறுபத்தாறு வயதில், பெற்ற பெண்ணிடமே கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டேன், மறுக்கப்பட்டது.

பிறகு பூங்காவைக் காவல் காக்கும் ரேஞ்சர் பெண் ஒருத்தி ஒலிபெருக்கியோடு வந்து சரியாக இருபத்தைந்து கஜத்தில் நின்றாள். "ஐயா, எஞ்சினப் போடாதீங்க. ஹாரன் அடிக்காதீங்க. மாட்ட மொறைச்சுப் பாக்காதீங்க."

"அதுதாம்மா என்ன மொறைக்குது!"

"அதுக்கு உரிமை இருக்கு ஐயா. அதோட வீடு இது."

என் வீடு நெப்ராஸ்காவில் இருக்கிறது, அடுத்த வெள்ளிவரை, என்று கத்த நினைத்தேன். லோரெட்டா பக்கத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். அதற்குள் பின்னால் நாற்பது கார்கள் நின்றுவிட்டன. நாற்காலிகள் வந்தன. டெக்சாஸ்காரரும் வந்துவிட்டார், எனக்குக் கையசைத்தார். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், ரேஞ்சர்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பயிற்சிப் புத்தகத்தில் 'ஒரு விலங்கின் நடத்தையைக் கவனித்து எழுதுக' என்ற பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினாள்: "அது ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுகிறது. வாயைத் திறந்து மூடுகிறது. தலையில் முடி குறைவு." என்னைப் பற்றி மச்சான்! ரேஞ்சர் அவளைப் பாராட்டி அங்கேயே பதக்கமும் குத்திவிட்டாள்.

இரண்டு மணிக்கு மாடு உங்கள் வண்டியில் சாய்ந்துகொண்டு தூங்கியது. வண்டி மெல்ல ஒரு பக்கம் அழுந்தியது. ஜோலீன் என்ன நினைத்தாளோ, மிச்சமிருந்த ஒரு முட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அசையவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து முதல்முறையாக வண்டி மட்டமாக நின்றது. நாங்கள் மூவரும் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து மணிக்கு அது எழுந்து, ஒரு முறை நன்றாக உதறிக்கொண்டு போய்விட்டது. கதவு உள்பக்கமாக வளைந்து திறக்கவே மறுக்கிறது. திடலுக்குத் திரும்பி நாங்கள் ஜன்னல் வழியாக இறங்கினோம், டெக்சாஸ்காரர்தான் கைகொடுத்தார். இத்தனை பெரிய பூங்காவில் நான் பார்த்தது ஒரு மாட்டின் விலாப்புறம் மட்டுமே. இதற்கெல்லாம் பிறகு லோரெட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இந்த வாழ்க்க புடிச்சிருக்கில்ல?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். அவள் சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனசில்லை, வீட்டைக் கொடுக்கவும் மனசில்லை. ஆகவே தயவுசெய்து அவளிடம் பேசுங்கள். முதுகுவலி என்று சொல்லுங்கள், என் புத்தி சரியில்லை என்று சொல்லுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அர்லீனுக்கு எங்கள் அன்பு. உங்கள் மூட்டுவலி குறையவும், தோட்டத்துத் தக்காளி பழுக்கவும், இந்தக் கடிதத்தை முடித்த பிறகும் நீங்கள் என்னை உறவாகவே நினைக்கவும் கடவுள் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வெண்டெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லோரெட்டா என் தோளுக்குப் பின்னாலிருந்து முழுவதையும் படித்துவிட்டாள். கோபிப்பாள் என்று பயந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் வீட்டை நினைத்துத் தினமும் குளியலறைக்குள் போய் அழுதுகொண்டிருந்தாளாம். அதே ஜூன் மாதம், அதே நாள், உருளைக்கிழங்கு சாலட் மேசையருகே நீங்கள் அவளைத் தனியாக அழைத்து, "வெண்டெல் ஏங்கறான் லோரெட்டா, வெக்கத்துல சொல்ல மாட்டான், நீதான் புரிஞ்சிக்கணும்" என்றீர்களாம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜோலீன் சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்குள்ள அந்த வண்டி வீட்டு முற்றத்துல இருக்கக் கூடாதுன்னு அர்லீன் அத்தை டுவெய்ன் மாமாவுக்குக் கெடு வச்சிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோளை ரத்து செய்கிறேன். நீங்கள் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். எங்கள் வீடு விற்பனைக்கு இல்லை. ஆனால் வண்டி வாழ்க்கையை முறையாகப் பழகிப் பார்க்காமல் விடக்கூடாது என்று லோரெட்டா சொல்கிறாள், நானும் ஒத்துக்கொண்டேன். உறவினர் வீட்டு முற்றத்தில் வண்டியைப் போட்டு, அவர்கள் தண்ணீரையும் மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்குவது வண்டிக்காரர்களின் பழைய வழக்கமாம், டெக்சாஸ்காரர் சொன்னார். உங்கள் படுக்கை அறை ஜன்னலை ஒட்டி நிறுத்துகிறோம். கழிவுத்தொட்டி இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. கடிதம் திங்கட்கிழமை வந்து சேரும், நாங்கள் செவ்வாய்க்கிழமை வந்து சேருவோம்.