சிக்கரி கலக்காத சத்தம்

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் வாங்கப் போன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். இன்னொருவரை நீங்கள் காட்டிவிட்டால், ஏற்காட்டிலிருந்து சேலம் வரை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் நான் நடந்தே இறங்குகிறேன்.

அவரை எங்கள் தெருவில் பஞ்சு ரைட்டர் என்போம். ரைட்டர் என்றதும் கதை, கவிதை என்று பயந்துவிடாதீர்கள். காப்பி எஸ்டேட்டில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் குமாஸ்தாவுக்கு இந்த மலையில் ரைட்டர் என்று பெயர். தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கப் பேர் கூப்பிட்டு ஓய்வு பெற்றவர். தொண்டையும் அதற்குத் தக்கபடிதான். எங்கள் தெருமுனையில் நின்று அவர் "சௌக்கியமுங்களா?" என்று கேட்டால், மலைக்கு அந்தப் பக்கம் கரடியூரில் யாராவது "சௌக்கியமுங்க" என்பார்கள்.

நான் ஏற்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. ரைட்டர் என்னோடு பழகியதே அந்தக் காருக்காகத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், நாளைக்குச் சேலத்துக்கு ஒரு நடை போலாமுங்களா? ஸ்பீக்கரு பாக்கோணும்."

"என்ன மாதிரி ஸ்பீக்கருங்க?"

"தரையில நிக்கறதுங்க. இடுப்பு ஒசரத்துக்கு, ஒரு ஜோடி. சத்தம் கதகதப்பா இருக்கோணும். நாப்பதாயிரத்தத் தாண்டப்படாது."

"மேசைமேல வைக்கிறது போதாதா? இடமும் மிச்சம்."

"அது ஆகாதுங்க. தரையோட பேசோணும்" என்றார்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி சரோஜாக்காவுக்கு மூன்று வருஷமாகக் காது மங்கிக்கொண்டே வந்தது. பாட்டுப் பாடாமல் அடுப்பே பற்றவைக்காத மனுஷி. காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "அத வெச்சா கரண்டிச் சத்தமெல்லாம் ஊசியாட்டம் குத்துதுங்க" என்று டப்பாவிலேயே போட்டு வைத்துவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் யாரோ "மருமக எப்பிடி இருக்கா?" என்று கேட்க, அக்கா "கிலோ அறுவது ரூவாய்க்குக் குடுத்தானுங்க" என்று பதில் சொன்னார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்றிலிருந்து அக்கா வாசலுக்குக்கூட வருவதில்லை. கேட்டால்தானே பேச வேண்டும் என்று பேச்சையும் விட்டுவிட்டார். முப்பது வருஷம் பாட்டுக் கேட்ட வீட்டில் ரைட்டர் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்குப் பலகைத் தரை. ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று, "காப்பி லாரி வருது" என்றார். ரைட்டருக்கே அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் கால் பலகையில் இருந்தது. அன்றைக்கே ரைட்டர் முடிவு செய்துவிட்டார்: பாதி காதால், பாதி காலால் அக்காவைப் பாட்டுக் கேட்க வைத்தே தீருவது.

ஞாயிறு காலை அவரை ஏற்றிக்கொள்ளப் போனேன். உள்ளே காலை வைத்தேன். முழங்கால் வரை இறங்கிவிட்டது. தரையில் ஒரு பலகையைக் காணோம். அந்தப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரைட்டர் தயாராக நின்றார். "கடையில சிமெண்டுத் தரைங்க சார். நம்மூட்டுப் பலகையில வெச்சுப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்றார். என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேலத்தில் முதல் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய பையன்கள். ரைட்டர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பலகையைக் கீழே போட்டு அதன்மேல் ஸ்பீக்கரைத் தூக்கி வைக்கச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு, வெறுங்காலோடு பலகையின் மறுமுனையில் ஏறி நின்றார்.

விற்பனைப் பையன் என்னைப் பார்த்து, "சாருக்கு காது கேக்காதுங்களா?" என்றான்.

"நல்லாக் கேக்கும். அதனாலதான் அடைச்சிருக்கார்" என்றேன். அவன் மேனேஜரைக் கூப்பிடப் போய்விட்டான்.

பாட்டுப் போட்டார்கள். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. "பேஸ் எப்படிங்க சார்? செம வார்ம் சவுண்ட்!" என்று மேனேஜர் பெருமையாகக் கத்தினார். ரைட்டர் பஞ்சை எடுத்தார்.

"இது சிக்கரிங்க."

"சார்?"

"காப்பியில கொட்டை கொறச்சலா இருந்தா சிக்கரியப் போட்டுக் கெட்டியாக் காட்டுவாங்க. நெறம் வரும், கெட்டி வரும், காப்பி வராது. உங்க பொட்டியில தொம்மு தொம்முன்னு வருது. பாடற ஆளக் காணோம். நூத்துக்கு நாப்பது பங்கு சிக்கரி."

இரண்டாவது கடையில் நேர் எதிர். சத்தம் பளிச்சென்று, ஊசி முனை மாதிரி வந்தது. "இது பித்தளைத் தட்டுங்க. எங்கூட்டம்மிணி மெஷினக் கழட்டி வெச்சதே இதுக்குத்தான்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டார். மூன்றாவது கடையில் எழுபது பங்கு சிக்கரி. நான்காவது கடையில் விலையைக் கேட்டதும் நான்தான் பஞ்சைத் தேடினேன்.

இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை. சேலத்துக் கடைக்காரர்களுக்குப் பலகைக்காரர் வருகிறார் என்று ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. நாலாவது ஞாயிறு திரும்பி மலை ஏறும்போது எனக்குக் கோபம் வந்தது. "எதையாவது ஒண்ணை வாங்குங்க ரைட்டரே, என் கிளட்ச் தேஞ்சுபோச்சு" என்றேன். அவர் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார். பத்தாவது வளைவில், "இருக்கற காதும் போயிருச்சுன்னா அப்பறம் எந்த ஸ்பீக்கர வாங்கி என்னங்க சார் பண்ண? டாக்டரு நாள் சொல்ல மாட்டேங்கறாரு" என்றார். அதற்குப் பிறகு நான் கிளட்ச்சைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில், ஐந்தாவது ஞாயிறு, ஒரு சந்துக்குள் சின்னக் கடை. மூலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் நின்றது. அதன் தலையில் டீ கிளாஸ் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை. "அது வெல போவாதுங்க. இடிக்காது, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பிடிக்கறதில்ல" என்றார் கடைக்காரர். ரைட்டருக்கு முகம் மாறியது. கிளாஸை எடுக்கச் சொன்னார். பாட்டு வேண்டாம் என்று தன் போனைக் கொடுத்தார். அதில் தன் குரலையே பதிவு செய்து வைத்திருந்தார். எஸ்டேட்டில் கூப்பிட்ட அதே பேர்கள், அதே தொண்டை.

"பெருமாயீ! அர்ஜுனா! காளியப்பா!"

"இருக்கேனுங்க ரைட்டரய்யா!" என்று மேலிருந்து ஒரு குரல். ஏணியில் நின்று ஏசி ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஆள் தலைச்சோலைக்காரர். சின்ன வயதில் அந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவராம். ஸ்க்ரூடிரைவரோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரைட்டர் பஞ்சோடு, வெறுங்காலோடு, கண்ணை மூடி முழுப் பட்டியலையும் கேட்டார். "பஞ்சு வெச்சும் பேர் பிரிஞ்சு கேக்குதுங்க. காலுக்கும் வருது. குத்தறதில்ல. சுத்தக் காப்பி" என்றார். உள்ளே அதிர்கிற கூம்பு வெறும் காகிதம், மலை ஈரத்துக்கு ஆகாது என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். "வருஷா வருஷம் மூடுபனியில காப்பிக் கொட்டையவே காப்பாத்தினவனுங்க நான்" என்று ரைட்டர் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கினார்.

வீட்டில் பலகையை முதலில் அதன் இடத்தில் போட்டு ஆணி அடித்தோம். நான் அதன்மேல் நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். எஸ்டேட் கிளப்பில் கழித்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று அவரிடம் இருந்தது. ஸ்பீக்கர்களை இரண்டு மூலையிலும் சுவரோடு சுவராக நிறுத்தினோம். அக்கா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு, எதற்கும் சம்பந்தமில்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். ரைட்டர் அக்காவுக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டார்.

வீடு முழுக்கத் தொம்மு தொம்மு என்று இடித்தது. பாடுகிறவரைக் காணோம். அக்கா முகத்தைச் சுளித்து, "மூட்டை எறக்கறாங்களா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ரைட்டரை அப்படி நான் பார்த்ததில்லை. "கடையில சிக்கரி இல்லீங்களே சார்... எங்கிருந்து வந்துச்சு?" என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வாத்தியாருக்குத் தெரிந்த ரிப்பேர் அவ்வளவுதான்.

அக்கா விளக்குமாற்றோடு திரும்பி வந்தார். "ஏனுங்க, இப்பிடிச் செவுத்தோட ஒட்ட வெச்சா பின்னால யாரு கூட்டறது? பூரான் குடி வந்துரும். முன்னால இழுங்க, சொல்றேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியே பல மாதமாகியிருந்தது. அந்த மரியாதைக்காகவே இருவரும் ஆளுக்கொன்றாக இழுத்தோம். விளக்குமாறு தாராளமாகப் போய் வரும் அளவுக்கு இழுத்தோம். பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. இழுக்க இழுக்க அந்த இடி அடங்கி, நடுவீட்டில் ஓர் ஆள் வந்து நின்று பாடுகிற மாதிரி குரல் தனியாக வந்தது. ரைட்டர் கை பெட்டியிலேயே நின்றுவிட்டது. சிக்கரி இருந்தது சுவரில்.

அக்கா கூட்டுவதை நிறுத்தினார். பலகையில் வெறுங்காலோடு நின்றார். "பாடறவருக்குச் சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். நல்லவேளை, இந்தத் தடவை அக்காவும் சிரித்தார். அடுத்த அடியைப் பாடகருக்கு முன்னால் அவரே முணுமுணுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ரைட்டரிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"கொஞ்சம் கொறச்சு வெய்யுங்க. காது கேக்காதவங்க ஊடுன்னு நெனச்சுக்குவாங்க."

ரைட்டர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் போய்க் குனிந்து அப்படியே நின்றார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் எந்தச் சத்தத்தையும் கூட்டித்தான் பழக்கம். குறைக்க எந்தப் பக்கம் திருப்புவது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. நான் போய்த் திருப்பினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அழுதிருப்பேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.