ஸமட் ஹாஜியாரின் இத்தாலிச் சுக்கான்

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளில்தான் மனித குலம் முன்னேறத் தொடங்கியது என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றன. இது பிழை. கண்டுபிடித்தவன் அதைச் சும்மா உருட்டிக்கொண்டு போயிருப்பான். நன்றாக இருந்த சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் விலை கூடிய இன்னொன்றைப் பூட்டலாம் என்று எவன் முதலில் நினைத்தானோ, நாகரிகம் அவனிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெருமக்களின் வரிசையில் கல்முனையின் சார்பில் நிற்பவர் அல்ஹாஜ் அப்துல் ஸமட் அவர்கள்.

ஹாஜியாருக்குச் சவளக்கடையில் ஓர் அரிசி ஆலை, கல்முனையில் ஒரு மாடி வீடு, அந்த வீட்டில் மனைவி கமீலா, மகள் பஹ்மிதா. இப்படிப் பலருக்கும் இருக்கிறது. பலருக்கும் இல்லாத ஒன்று ஆலையின் பின்கொட்டிலில், நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றது: அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத, இரண்டு பேர் மட்டுமே இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பண்டாரவளையில் ஒரு தேயிலைத் துரை ஓட்டியதாம். துரை போய்ச் சேர்ந்துவிட்டார். கார் மட்டும் கைமாறிக் கைமாறி, பழசாகி, பிறகு பழசு என்ற நிலையையும் தாண்டி 'மரபுரிமை' ஆகிவிட்டது.

மரபுரிமை என்று வந்துவிட்டால் அதைப் பாதுகாக்க ஓர் அமைப்பு வேண்டாமா? 'கிழக்குக் கரையோரப் புராதன வாகனப் பேரவை' உதயமானது. தலைவர் ஸமட் ஹாஜியார். செயலாளர் அஷ்ரப், காணிக் கந்தோரில் கிளாக்கராயிருந்து இளைப்பாறியவர். வீட்டில் தேத்தண்ணி கேட்பதென்றாலும் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்றுதான் தொடங்குவார். தொழில்நுட்ப ஆலோசகர் பாண்டிருப்புக் குணம், உழவு மெசின்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். உறுப்பினர்கள் இந்த மூவர்தான், வாகனம் ஒன்று. வாகனத்தைவிட நிர்வாகிகள் கூடுதலாக இருப்பது எந்த அமைப்புக்கும் ஆரோக்கியமான அறிகுறி.

பேரவையின் முதல் நெருக்கடி ஹாஜியாரின் சேர்ட்டுக்குள்ளிருந்து வந்தது. அந்தக் காரின் பழைய சுக்கான், அதாவது ஸ்டேரிங் வளையம், பஸ் சுக்கானைப்போலப் பெரிது. அந்தக் காலத்துத் துரைமார் மெலிந்தவர்கள். ஹாஜியார் அப்படியல்ல. ஒருநாள் சந்தையடியில் திருப்பும்போது சுக்கான் பாதிவழியில் வயிற்றில் சிக்கி நின்றுவிட, கார் மிகுந்த நிதானத்தோடு ஒரு வத்தகப்பழக் குவியலுக்குள் புகுந்தது.

அஷ்ரப் இதை இப்படிப் பதிந்தார்: 'சாரதியின் முன்பக்கத்துக்கும் சுக்கானின் பின்பக்கத்துக்கும் இடையிலான எல்லைத் தகராறு.'

எல்லை என்ற சொல்லைக் கேட்டால், தமிழரும் முஸ்லிம்களும் பிரதேச எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் இழுபடும் கல்முனையில் தூங்குகிறவனும் எழும்பி உட்காருவான். பேரவையின் ஒரே தமிழரான குணம் தன் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"டொக்டர் செல்லித்தானே அனுப்பின, சுபஹுத் தொழுதுபோட்டுக் கடற்கரையால கொஞ்சம் நடங்கண்டு" என்றார் கமீலா, தேத்தண்ணித் தட்டை வைத்தபடி. "வயிறு வத்தினா ஸ்டேரிங் தானாச் சுத்தும்."

"நீ சும்மா இரி கமீலா. இது தொழில்நுட்ப விசயம்."

விசயம் ஆழமாக ஆராயப்பட்டது. இடைவெளி போதாதென்றால் இரண்டு வழிகள்: மனிதனைச் சுருக்கலாம், அல்லது சுக்கானைச் சுருக்கலாம். மனிதனைச் சுருக்குவது நீண்டகாலத் திட்டம். சுக்கானைச் சுருக்குவது துரித அபிவிருத்தி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

துரிதத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. பஹ்மிதாவுக்கு மருதமுனையில் நிப்றாஸ் என்ற வங்கி உத்தியோகத்தரைப் பேசி, நாளும் வைத்தாயிற்று. மாப்பிள்ளையை அந்தக் காரில் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறக்குவேன் என்று ஹாஜியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"வாப்பா, வேன்ல கூட்டிவந்தா நிக்காஹ் செல்லாதா?" என்று கேட்டாள் பஹ்மிதா.

"செல்லும் மகள். ஆனா ஒருத்தரும் படம் எடுக்கமாட்டாங்க."

"எனக்கு மாப்பிள கை காலோட வந்து சேர்ந்தாப் போதும் வாப்பா."

ஹாஜியார் சிரித்தார். சிரித்தாலும் அந்தச் சொல் அவருக்குள் எங்கோ ஒரு சின்ன முள்ளாகக் குத்தியது. பேரவைத் தலைவர்கள் முட்களைப் பொருட்படுத்துவதில்லை.

இத்தாலியில் செய்த சிறிய சுக்கான் ஒன்று வந்திறங்கியது. சுற்றிவர வழுவழுப்பான மரம். உள்ளே மூன்று வெள்ளிக் கம்பிகள். கம்பிகளில் வரிசையாகத் துளைகள்.

"துளை என்னத்துக்கு?" என்று கேட்டார் அஷ்ரப்.

"பாரம் குறைக்க" என்றார் குணம்.

ஹாஜியார் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். பாரத்தைக் குறைப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருப்பதைக் கண்ட இத்தாலிக்காரர் மீது அவருக்கு மரியாதை பிறந்தது.

பழைய சுக்கானைக் கழற்றக் குணம் அரைநாள் மல்லுக்கட்டினார். கழன்ற பிறகு புதியதை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஹாஜியார், இது நேராப் பூட்டேலாது. நடுவில ஒரு பொஸ் வேணும்."

"அதான் நான் இரிக்கனே!"

"அந்தப் பொஸ் இல்ல. ஸ்டேரிங்கையும் தண்டையும் சேர்க்கிற துண்டு. அதுக்கும் பேர் பொஸ்தான். அதுக்குள்ள பல்லு இருக்கும்."

"பொஸ்ஸுக்குப் பல்லா?" என்றார் அஷ்ரப். "எங்கட கந்தோர்ல வந்து போன ஒண்டுக்கும் இரிக்கல்லியே."

சரியான பொஸ் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். வருவதற்குள் கலியாணம் முடிந்துவிடும். குணத்துக்கும் ஓர் ஆசை இருந்தது. 'புராதனக் கார் நிபுணர்' என்று கராச்சுக்குப் பலகை எழுதக் கொடுத்திருந்தார். நிபுணர் காத்திருக்கலாமா? உழவு மெசினின் பழைய துண்டொன்றை எடுத்துக் கடைந்து, அராவி, தட்டி, ஒரு பொஸ்ஸை உண்டாக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு மூண்டு பல்லு ஒத்து வரல்ல. மிச்சம் கடிக்கும்" என்றார்.

'பெரும்பான்மைப் பற்கள் இணக்கம் தெரிவித்துள்ளன' என்று பதிந்துகொண்டார் அஷ்ரப்.

இந்த நாட்டில் ஒரு மதகு கட்டினாலும் பெயர்க்கல் வேண்டும். இத்தாலிச் சுக்கான் எந்த விதத்தில் மதகைவிடக் குறைந்தது? நாடா வெட்டி, பேரீச்சம்பழம் பரிமாறி, சுக்கானின் நடுவில் பித்தளைத் தகடொன்று பூட்டப்பட்டது: 'இச்சுக்கான் பேரவைத் தலைவர் அல்ஹாஜ் அப்துல் ஸமட் அவர்களால் பூட்டி வைக்கப்பட்டது.'

"அது ஹோர்ன் இருக்கிற இடமெல்லோ?" என்றார் குணம்.

"பேரைப் பார்த்தா வழி விடுவாங்க" என்றார் ஹாஜியார்.

சுக்கானின் நடுவிலிருக்கும் தகட்டை ஓட்டுபவரைத் தவிர வேறெவராலும் வாசிக்க முடியாது என்று சிலர் குறை சொல்லலாம். வாசித்து மகிழ வேண்டியவரே அவர்தானே.

பிறகு வெள்ளோட்டம். வயிற்றுக்கும் சுக்கானுக்கும் இடையில் ஒரு சாண் இடம் விட்டிருந்தது. எல்லைத் தகராறு தீர்ந்தது. ஒரே ஒரு சிறு விசயம்: சுக்கானை நேராகப் பிடித்தால் கார் கடல் பக்கம் போனது. கார் நேராகப் போகவேண்டுமென்றால் சுக்கானைக் கோணலாகப் பிடிக்கவேண்டியிருந்தது.

"ஒரு பல்லுத் தள்ளி மாட்டுப்பட்டுட்டு" என்றார் குணம். "அதோட ஓடின பிறகு நட்டை இன்னொருக்கா இறுக்கவும் வேணும். அது இந்தத் தகட்டுக்குக் கீழதான் இருக்கு, தகட்டைக் கழட்டினா ஒரே வேலையில ரெண்டையும் முடிச்சிடலாம்."

"என்ட பேரைக் கழட்டுறதா?"

"திரும்பப் பூட்டலாம் ஹாஜியார்."

"மேற்படி விடயம் தொடர்பாக," என்று எழுந்தார் அஷ்ரப், "தலைவரின் பெயரை, தற்காலிகமாகவேனும், அகற்றுவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை."

வாக்கெடுப்பு நடந்தது. கழற்ற வேண்டுமென்று குணத்தின் கை மட்டுமே உயர்ந்தது. 'நேர் எனப்படுவது இனிமேல் சற்றுக் கோணலானதையும் உள்ளடக்கும்' என்ற திருத்தமும் அதே அமர்வில் நிறைவேறியது.

கலியாணத்துக்கு முந்தின நாள், அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் தனியாகக் கொட்டிலுக்குப் போனார். காரில் ஏறி, சுக்கானை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. மகள் சொன்ன சொல் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கல்நெஞ்சக்காரரல்ல, திருப்புளியை எடுத்துவந்து தகட்டின் ஆணியில் வைத்தார். வைத்த இடத்தில் தன் பெயர் மாலை வெயிலில் பொன்னாக மின்னுவதைக் கண்டார். 'அல்ஹாஜ்' என்பதில் ஒரு தூசி இருந்தது. அதைச் சாரன் தலைப்பால் துடைத்துவிட்டு, திருப்புளியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அடுத்த நாள் மருதமுனையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் சிவப்புக் கார். அதில் ஹாஜியாரும், பக்கத்தில் கோட்டும் பூமாலையுமாக நிப்றாஸும். பின்னால் வேன்களும் மோட்டார் சைக்கிள்களும். மேலே ஒரு ட்ரோன் வண்டுபோல இரைந்துகொண்டு பறந்தது. பெருந்தெருவின் இரு பக்கமும் சனம். கார் நடக்கும் வேகத்தில் போனது. ஹாஜியார் சுக்கானைக் கோணலாகப் பிடித்து, முகத்தை நேராக வைத்திருந்தார்.

பாண்டிருப்புக்குக் கிட்ட, ஒரு சின்னக் குழியில் கார் இறங்கி ஏறியது.

"மாமா…" என்றான் நிப்றாஸ்.

"என்ன மகன்?"

"ஸ்டேரிங் கழண்டு உங்கட கைக்கு வந்திட்டு."

"ஓம். கையிலதானே இரிக்கோணும்."

"பிறேக்க அமத்துங்க மாமா!"

"மேல கெமரா நிக்கிது மகன். சிரிச்சாப்போல இரிங்க."

ஹாஜியார் கெமராவுக்குச் சிரித்தபடியே வாய்க்குள் ஓதிக்கொண்டார். தெரு கடல் பக்கம் கொஞ்சம் சாய்வு. கார் அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு, ஒரு லைட் மரத்தையும் நிறுத்தியிருந்த ஓட்டோவையும் தொடாமல் விலகி, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைக்குள் நுழைந்தது. கார் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமெல்லாம் ஹாஜியார் கையிலிருந்த சுக்கானைத் திருப்பினார். பார்த்தவர்களுக்கு அவர்தான் காரைத் திருப்புகிறார் என்றே தோன்றியது. இது லேசான கலையல்ல. இதில் தேர்ந்தவர்கள் நாட்டில் மிக உயர்ந்த பதவிகளில் இருக்கிறார்கள்.

ஒழுங்கை முடிந்து மணல் வந்தது. கார் மணலில் புதைந்து, இரண்டு முறை இருமி, நின்றது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஸலாம் சொன்னார்கள். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வேன்களும் வந்து மணலில் இறங்கிப் புதைந்தன.

ஹாஜியார் கழன்ற சுக்கானை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். எழும்ப முடியவில்லை. நிப்றாஸ் இறங்கிச் சுற்றிவந்து, கதவைத் திறந்து, கையைக் கொடுத்தான்.

"வாங்க மாமா. நடப்பம்."

"மகன், நான் உங்கள…" என்று தொடங்கிய ஹாஜியார், மாப்பிள்ளையின் பூமாலையை நேராக்கிவிட்டார்.

"ஒண்டும் ஆகல்ல மாமா. மெதுவா வாங்க."

கடற்கரையால் கல்முனைவரை நடந்தார்கள். மாப்பிள்ளை சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தான்; மாமனார் சுக்கானைப் பிடித்திருந்தார். ஹாஜியாருக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் நிப்றாஸ் கடலைப் பார்ப்பதுபோல நின்று கொடுத்தான். வாசலில் கமீலா மணலும் வேர்வையுமாக வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். மேல்மாடி யன்னலில் பஹ்மிதா மாப்பிள்ளையின் கைகளையும் கால்களையும் சரிபார்த்துவிட்டுத் திரையை மூடினாள். நிக்காஹ் நடந்தது. செல்லுபடியாகவும் நடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பேரவை விசாரணைக் குழுவாகக் கூடியது. சுக்கான் இத்தாலியில் செய்தது, அதில் குற்றமில்லை. பொஸ் நிபுணர் செய்தது, அதிலும் இல்லை. தகட்டில் தலைவரின் பெயர் இருந்ததால் அதில் குற்றம் இருக்க வாய்ப்பே இல்லை. குழியின் மீது கண்டனம் நிறைவேற்றப்பட்டது. இறுதியாக, எந்த நிலையிலும் வரிசை குலையாமல் தலைமையின் பின்னால் வந்த வாகனச் சாரதிகளின் கட்டுக்கோப்பைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டு, அவர்கள் சார்பில் முதலாவது வேனை ஓட்டிய பஸாலுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது.

ஹாஜியார் மட்டும் அன்று வழமைபோலச் சிரிக்கவில்லை. பொன்னாடையைச் சரிசெய்வதுபோலக் கிட்டப்போய்க் கேட்டார்.

"தம்பி, நாங்க கடல் பக்கம் போற கண்டீங்கதானே? மறுகா ஏன் வந்தீங்க?"

"நீங்க முன்னால போனீங்களே ஹாஜியார்!"

"என்ட ஸ்டேரிங் கழண்டிட்டு. உங்கட ஸ்டேரிங் எப்பிடி?"

"எனக்கென்ன ஹாஜியார்," என்றான் பஸால் பெருமையோடு, "கொம்பனி பூட்டின மாதிரியே இறுக்கமா இரிக்கி."

விசாரித்துப் பார்த்ததில், மணலுக்குள் இறங்கிய எல்லா வேன்களிலும் சுக்கான் அப்படித்தான் இருந்தது.