திருவதிகை வயிற்றுவலி: அண்ணனுக்கு ஒரு மறுப்பு

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை உமாராணி எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். நலம் என்பது நம் வீட்டுக் கடிதங்களில் வழக்கமாக எழுதுகிற சொல்தான் என்றாலும், இந்த முறை என் நலத்துக்கு ஒரு மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் உண்டு. கோவில்பட்டியில் தாங்களும் மதினியும் நலமென்றே நம்புகிறேன். அதற்கு மட்டும் என்னிடம் சான்று எதுவும் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீங்கள் "சிவசிவா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை நீங்கள் கீழே வைத்தாலும், மறுபடி எடுக்கும்போது அது விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

உங்கள் வாழ்த்தும், நீங்கள் நடத்துகிற சிவனடியார் மன்றத்து ஆண்டு விழா அழைப்பிதழின் அச்சுப்படியும் வந்து சேர்ந்தன. சிறப்பு வழிபாட்டுக்கும் அன்னம்பாலிப்புக்கும் நடுவில், "சூலை தந்து சிவபெருமான் ஆட்கொண்ட நெய்வேலிச் சகோதரி திருமதி உமாராணி ராஜ்மோகன் அவர்களின் அனுபவ உரை" என்று போட்டிருக்கிறீர்கள். சாம்பாருக்கு முன்னால் கூட்டத்தை உட்கார வைக்க என்னைப் போட்டிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. எம்.எஸ்ஸி., எம்.ஃபில். என்பதைக் காணோமே, அதுதான் வருத்தம். ஆட்கொள்ளப்படுகிறவர்கள் பட்டங்களைச் செருப்போடு வெளியில் விட்டுவிட்டு வரவேண்டுமா? அது இருக்கட்டும். முக்கியமானது இதுதான்: என்னை யாரும் ஆட்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பலாப்பழக் காலம் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிறு. அடுத்த குவார்ட்டர்ஸ் காந்திமதியின் தம்பி மகளுக்குத் திருவதிகைக் கோயிலில் காது குத்தினார்கள். காந்திமதி பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி, பல வருஷம் கான்ட்ராக்டில் மண் சுமந்து இப்போதுதான் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆனவர். அழைத்தால் போகாமல் இருக்க முடியாத மனிதர்கள். நான் கோயிலுக்குப் போவதில் எனக்குக் கொள்கைச் சிக்கல் ஏதும் கிடையாது. தூண்களைப் பார்ப்பேன், நிழலில் உட்காருவேன், சாப்பிடுவேன். அன்று மண்டபத்தில் ஒருவர், வேறு மதம் போன தம்பியை நினைத்து அக்கா அழுததையும், சாமி அந்தத் தம்பிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி கொடுத்து இந்த ஊருக்கே இழுத்து வந்ததையும் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று மரியாதைக்குக் கேட்டார். எனக்கு இருந்தது. "வலி தாங்காமல் ஒருவர் ஒத்துக்கொண்டால் அதை நம்பிக்கை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? காவல் நிலையத்தில் அதற்கு வேறு பெயர் அல்லவா?" என்றேன். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே, என் குரல் முன்வரிசையைத் தாண்டாது. ஆனால் மண்டபம் கருங்கல், குரலைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "கேக்குற வாய்க்கு சாமி வயித்துல பதில் சொல்லுவாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வடை, பாயசம், பந்தியில் இரண்டாம் தடவை நெய், திரும்பும் வழியில் பண்ருட்டி ரோட்டோரத்தில் வேனை நிறுத்தி ஆளுக்கொரு தொன்னை பலாச்சுளை. என் தொன்னை இரண்டாம் முறையும் நிரம்பியது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

வடக்குத்து வருவதற்குள் வலி வந்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகுக்குப் போய் தோளைப் பிடித்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன், ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. காந்திமதி எழுந்து நின்று வேனுக்கே அறிவித்தாள்: "தோ பாருங்க, சாமி பதில் சொல்லிகினு இருக்குறாரு!"

வேனில் இரண்டு கட்சி உண்டாயிற்று. திரும்பித் திருவதிகைக்கே போகவேண்டும் என்றது பெரிய கட்சி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்ற கட்சியில் நான் மட்டும் இருந்தேன். டிரைவர் சாமிக்கண்ணு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ரோட்டோரமாக நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

"உமா மேடம், ஒரே ஒரு சாரி சொல்லிடுங்க. வலி வுட்டுடும். நம்ம சாமிதானே, அவர்கிட்ட என்னாங்க கௌரவம்?" என்றாள் காந்திமதி.

"ஸ்கேன் எடுத்துட்டுச் சொல்றேன்."

"ஸ்கேன்ல சாமி தெரிவாருங்களா?"

பின்சீட்டிலிருந்து கலியமூர்த்தி பேசினார். "அவங்கள ஏன் தொந்தரவு பண்ற? இவங்க பக்தியில கான்ட்ராக்ட் ஆளு. அதான் கேள்வி கேட்ட அன்னிக்கே மெமோ. பர்மனென்டா இருந்தா முதல்ல ஒரு வார்னிங்காவது குடுத்திருப்பாரு."

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். சிரித்தால் வலி இன்னும் கூடும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். கடைசியில் கலியமூர்த்திதான் பீடியை அணைக்கச் சொல்லி வேனை ஆஸ்பத்திரிக்கு விடச் செய்தார். இதில் நான் பெருமையோடு சொல்லிக்கொள்ள விரும்புவது ஒன்று உண்டு. வேனிலிருந்து ஸ்ட்ரெச்சர் வரைக்கும் நான் "அம்மா" என்றேன், "ஐயோ" என்றேன், காந்திமதியைப் பார்த்து "சும்மா இரு" என்றேன். எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லவில்லை. சாட்சிகள் ஒரு வேன் நிறைய இருக்கிறார்கள்.

நீங்கள் போட்டோவைக் காட்டுவீர்கள். நெற்றி நிறையத் திருநீறும் கூப்பிய கையுமாக நான் படுத்திருக்கும் அந்தப் போட்டோவை, நான் பிழைத்திருக்கிறேன் என்று உறவுக்குத் தெரிவிக்க உங்கள் மாப்பிள்ளை குடும்பக் குழுவில் போட்டார். திருநீறு காந்திமதி பூசியது, நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில். வயிற்றிலும் பூசியிருக்கிறாள். ஸ்கேன் எடுக்க வந்த டாக்டரம்மா "யாருங்க இது, மாவு மாதிரி அப்பி வெச்சிருக்கீங்க" என்று துடைத்துவிட்டுத்தான் ஜெல் போட்டார். கை கூப்பவில்லை, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். அப்படிப் பிடித்தால் பக்கவாட்டில் பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுகிற மாதிரி இருக்குமாம். அந்தப் போட்டோவுக்குக் கீழே நீங்கள் போட்ட "நமசிவாய" நான் ஆபரேஷன் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது முப்பது உறவினர்களின் கைகூப்புகளோடு ஒரு ஊர்வலமாகிவிட்டிருந்தது.

பித்தப்பையில் கல். சின்னத் துளைகள் போட்டுப் பையோடு எடுத்துவிட்டார்கள். கற்களை ஒரு குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். நான் வேதியியல் படித்தவள், பள்ளியில் அதையே சொல்லிக்கொடுக்கிறவள், ஆகவே ஆவலோடு வாங்கி வந்து வீட்டில் ஜன்னலோரம் வைத்தேன். அதுதான் பிழையாகப் போயிற்று. என்னைப் பார்க்க வந்த காந்திமதி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், இந்தப் பெரிய கல்லப் பாருங்க. ஆவுடையார் மட்டுந்தான் இல்ல. அப்படியே லிங்கம்!"

"காந்திமதி, அது கொலஸ்ட்ரால்."

"கொலஸ்ட்ராலா இருந்தா என்னாங்க? கோயில்ல இருக்குறது கருங்கல்லுதானே? உருவந்தாங்க கணக்கு."

உண்மையில் நல்ல வாதம் அது. வேறு இடமாக இருந்தால் பாராட்டியிருப்பேன். ஒரு கல்லைச் சாமியாக்குவது கல்லா, அது இருந்த இடமா, பார்க்கிறவர் கண்ணா என்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் என் பித்தப்பை கருவறையாகிறது, பலாச்சுளை அபிஷேகமாகிறது. மறுநாள் எங்கள் பிளாக்கின் பெண்கள் ஷிப்டு மாதிரி முறைவைத்து வந்தார்கள். முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு குப்பியைப் பார்ப்பார்கள், குப்பியைப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றுவார்கள். ஒருத்தி போகும்போது அதன் மேல் ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை காந்திமதி ஒரு கல்லையாவது தன் வீட்டுப் பூஜை அறைக்குத் தரச் சொல்லிக் கெஞ்சினாள். குப்பியைப் பீரோவில் பூட்டினேன். பூட்டியதும் மூலஸ்தானம் என்று பேராகிவிட்டது. இதற்கு மேல் என்ன செய்வது?

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "அங்கே அக்காள் வேண்டினாள், தம்பிக்குச் சூலை வந்தது. இங்கே உனக்காக நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து நான் வேண்டினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எனக்கு இந்த வலி வரவேண்டும் என்று கேட்டவர் நீங்கள். அதை எழுத்திலும் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல காலம், என் பித்தப்பை உங்கள் பேச்சைக் கேட்டு வீங்கவில்லை. நெய்யின் பேச்சைக் கேட்டுத்தான் வீங்கியது. அடுத்ததாக, "எனக்கும் தை மாசத்திலிருந்து வலப்பக்கம் அதே வலி. எனக்கு இது சோதனை. உனக்கு அது அழைப்பு" என்கிறீர்கள். கணக்கு வாத்தியாரே, ஒரே வலி நம்பாதவளுக்கு வந்தால் அழைப்பு, நம்புகிறவருக்கு வந்தால் சோதனை, எவருக்கும் வராவிட்டால் கருணை. எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும் சமன்பாட்டில் ஏதோ கோளாறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? புராண ஏட்டில் இருப்பதால் உண்மை, உண்மை என்பதால் ஏட்டில் இருக்கிறது என்றும் எழுதுகிறீர்கள். இப்படி ஒரு வழியை நான் எட்டாம் வகுப்பில் எழுதியபோது சிவப்பு மையில் சுழித்து, "விடை மட்டும் சரியாக இருந்தால் மார்க் கிடையாது, வழி எழுது" என்றீர்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று அப்பா சொன்னபோது, அவரிடம் சண்டை போட்டு அண்ணாமலை நகருக்கு ரயிலேற்றி விட்டதும் நீங்கள். கேள்வி கேட்கிற இந்த வாயை எனக்கு எந்தச் சாமியும் தரவில்லை, அண்ணன். நீங்கள் தந்தீர்கள். இதில் எனக்குள்ள பெருமையை எந்த அழைப்பிதழிலும் அச்சடிக்க இடம் போதாது.

ஆகவே, அந்த மேடையில் ஏறி எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டதாகவும் நான் சொல்லவில்லை. வந்தது கல், எடுத்தது கத்தி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு யாராவது நன்றாகப் பாடுகிறவரைப் போடுங்கள். சாம்பாரும் ஆறாது.

மதினிக்கு என் அன்பு. உங்கள் மாப்பிள்ளை இரண்டாம் ஷிப்டு, போகும்போது உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். ஆசீர்வாதம் செய்யுங்கள், நான் நம்பாவிட்டாலும் அது உங்கள் கையிலிருந்து வருவது எனக்குப் பிடிக்கும்.

அன்புத் தங்கை,
உமாராணி, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மதினி போன் செய்தாள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். நான் சத்தியத்தை நம்புகிறவள் இல்லை என்பதை மறந்துவிட்டாள் போலும். "உங்க அண்ணன் மூணு நாளா கஞ்சி கூட குடிக்கல உமா. கண்ணு மஞ்சளா இருக்கு. டாக்டர்ட்ட போவமான்னா, 'என் தங்கச்சி மேடை ஏறட்டும். அவளைப் பிடிச்ச சாமி என்னை விட்ருமா?'ங்காக. உன் பேர் போட்ட நோட்டீச தலமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்துருக்காக" என்றாள்.

மேலே எழுதியதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை எடுக்க வேண்டாம். நான் வருகிறேன், மேடை ஏறுகிறேன். சிவன் என்னை வயிற்றில் பிடித்தார் என்று மைக்கில் சொல்கிறேன். பிடித்தவர், "உடனே போய் ஸ்கேன் எடு, டாக்டர் சொன்னபடி செய்" என்று எனக்குக் கட்டளையிட்டார் என்றும் சொல்வேன். அதே கட்டளை நேற்று உங்களுக்கும் வந்தது. முகவரி தெரியாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டது. வேண்டுமானால் அந்த லிங்கத்தையும் குப்பியோடு எடுத்து வருகிறேன், காந்திமதியையும் சாட்சிக்குக் கூட்டி வருகிறேன். ஆனால் நாளைக் காலையில் நீங்கள் மதினியோடு ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இந்தக் கடிதம் வர இரண்டு நாள் ஆகும் என்பதால் இதையே போட்டோ எடுத்து மதினிக்கு இப்போதே அனுப்புகிறேன். அவள் படித்துக் காட்டுவாள், தயவுசெய்து "சிவசிவா" என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

நான் போட்டிருக்கும் வழி முழுக்கத் தப்பு, எனக்கே தெரியும். இந்த ஒரு தடவை விடைக்கு மட்டும் மார்க் போடுங்கள்.